அச்சுக் குச்சி

நுங்கு தின்று முடித்த காய்களை அப்பா உடனே தூக்கி எறிய மாட்டார். அவற்றில் ஒரே அளவாக இரண்டைப் பொறுக்கி எடுப்பார். ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருந்தால் வண்டி ஒரு பக்கமாகவே இழுக்கும். சீவிய வேப்பங்குச்சி ஒன்றை இரண்டு காய்களுக்கும் நடுவில் செருகினால் அதுதான் அச்சு. கவட்டை உள்ள நீளக் குச்சியை அந்த அச்சில் பொருத்தித் தள்ளிக்கொண்டு ஓட வேண்டியதுதான். கவட்டைக்கும் காய்க்கும் நடுவே அப்பா ஒரு விரல் இடம் விடுவார். நெருக்கிச் செருகினால் சக்கரம் சுற்றாது. மறுநாள் காய் வாடி, ஓட்டை தளர்ந்து, சக்கரம் ஆட ஆரம்பிக்கும். “ஆடுதுப்பா” என்று கொண்டுபோய் நின்றால் சூரிக்கத்தியைக் கையில் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

மாரண்டஹள்ளியில் நான் அப்படி ஓடிய 1984-இல்தான், ஜப்பானின் ஷிசுவோகா நகரத்துத் தாமியா நிறுவனம் ‘கிராஸ்ஹாப்பர்’ என்ற மின்சார ரிமோட் வண்டியை வெளியிட்டது. நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவு, பின்சக்கர ஓட்டம், சிறிய 380 மோட்டார். பெட்டியைத் திறந்தால் வண்டி இருக்காது, பாகங்கள்தான் இருக்கும். வாங்கியவரே பூட்டிக்கொள்ள வேண்டும். உலகமெங்கும் எத்தனையோ பிள்ளைகளுக்கு அதுதான் முதல் ரேஸ் வண்டி. 2005-இல் அதையே மறுபடியும் கொண்டுவந்தார்கள். நுங்கு வண்டியைப் போலவே அதுவும் செய்து ஓட்டுகிற வண்டி என்பது எனக்கு நாற்பது வருஷம் கழித்து, என் மகளுக்கு வண்டி தேடும்போதுதான் தெரிந்தது.

அவளுக்குப் பத்து வயது. முதலில் நகரத்துக் கடை ஒன்றில் பளபளப்பான ரிமோட் கார் வாங்கிக் கொடுத்தேன். அதில் பொத்தானை அமுக்கினால் முழு வேகம், விட்டால் நிற்கும். திருப்பினால் முழுக்கத் திரும்பும், பாதித் திருப்பம் கிடையாது. பதினோராம் நாள் உள்ளே பல்சக்கரம் தேய்ந்து ‘கரகர’ என்றது. உடம்பெல்லாம் பசை போட்டு ஒட்டியிருந்ததால் திறக்க வழியில்லை. கடையில் கேட்டால், “பார்ட்ஸ் வராது சார், புதுசு எடுத்துக்குங்க” என்றார்கள். அவள் அதை அட்டைப்பெட்டியில் வைத்து மூடினாள். அழவில்லை. எனக்கு அதுதான் வலித்தது. கெட்டுப்போனால் கிடக்கட்டும் என்று பத்து வயதிலேயே ஒரு பிள்ளை பழகக் கூடாது.

அதற்குப் பிறகு வேகம் எவ்வளவு என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. எது உடையும், உடைந்தால் அந்த ஒரு பாகம் மட்டும் கிடைக்குமா என்றுதான் கேட்டேன். பத்தில் ஒரு பங்கு அளவுள்ள, பின்சக்கரம் ஓட்டுகிற, பாகங்களாக வரும் கிட் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். நான்கு சக்கர ஓட்டம் புழுதியில் நன்றாகப் பிடிக்கும், பழகுவதும் எளிது. ஆனால் முன்பக்கமும் ஒரு டிஃபரன்ஷியல், கூடுதல் தண்டுகள் என்று செம்மண் புகுந்து தேய்க்க இடம் அதிகம். பின்சக்கர வண்டி அவசரப்பட்டு விசையை இழுத்தால் சுற்றிக்கொண்டு நின்றுவிடும். அந்தச் சுற்றலே விரலுக்குப் பாடம்.

பேட்டரியில்தான் பிடிவாதமாக இருந்தேன். லித்தியம் பாலிமர் பேட்டரி இலேசானது, வலுவானது. ஆனால் ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெடும். உப்பிப்போனாலோ அடிபட்டாலோ தீப்பிடிக்கவும் கூடும். சார்ஜ் ஏறும்போது பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அதனால் இப்போதைக்கு ஆறு செல் கொண்ட 7.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி போதும் என்றேன். மோட்டாரும் சாதாரண பிரஷ் மோட்டார்தான். ரிமோட் 2.4 கிகாஹெர்ட்ஸ். பழைய 27 மெகாஹெர்ட்ஸ் ரிமோட்டில் ஒரே அலைவரிசைக் கிரிஸ்டல் போட்ட இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று குழப்பும், இதில் அந்தத் தொல்லை இல்லை. முதல் மாதம் பாதி விசைக்கு மேல் போகாதபடி ரிமோட்டிலேயே கட்டிவைத்தேன். ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: பல கிட்டுகளில் ரிமோட், சக்கரத்தைத் திருப்பும் சர்வோ, பேட்டரி, சார்ஜர் நான்கும் தனித்தனியாகத்தான் வாங்க வேண்டும். பெட்டி விலையை மட்டும் பார்த்துப் பிள்ளையிடம் சரி என்று சொல்லிவிடாதீர்கள்.

திண்ணையில் நான்கு சாயங்காலம் உட்கார்ந்து பூட்டினோம். படம் பார்த்து அவள் எண் சொல்வாள், நான் எடுத்துக் கொடுப்பேன். மோட்டாரின் சின்னப் பல்சக்கரத்தையும் அது சுற்றவைக்கும் பெரிய சக்கரத்தையும் சேர்க்கிற இடம் வந்தது. இரண்டையும் ஒட்டி இறுக்கினால் பல் தேயும், தள்ளி வைத்தால் நழுவும். நடுவில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து அழுத்தி, திருகை முடுக்கிவிட்டுப் பிறகு காகிதத்தை உருவினால் இடைவெளி சரியாக இருக்கும். அவள் உருவுவதை அப்பா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு விரல் இடம் விடற மாதிரி தான, கண்ணு?”

“விரல் இல்ல தாத்தா, பேப்பர் அளவுதான்.”

“அவ்ளோ சின்னதா!” என்று சொல்லி, அந்தக் காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பல் பதிந்த வரிகள் அதில் வரிசையாக இருந்தன.

பந்தயப் பாதையை அவளும் தாத்தாவும் சேர்ந்து போட்டார்கள். தண்ணீர் வற்றிய ஏரியில் பழைய சைக்கிள் டயர்களைப் பாதியாக அறுத்துத் திருப்பங்களுக்குப் பதித்தார்கள். தக்காளி கிரேட் ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் அவள் ஏறி நின்றாள். உயரத்திலிருந்து பார்த்தால்தான் பாதை முழுக்கத் தெரியும். மூன்று சுற்று நன்றாகப் போயிற்று. நான்காவதில் திருப்பம் தப்பி, கரையோரத்துக் கல்லுக்காலில் ‘டக்’ என்று மோதியது. சக்கரத்தைத் தாங்கும் முன்பக்கக் கை முறிந்து ஒரு சக்கரம் தொங்கியது.

நான் ஓடுவதற்குள் அவள் கிரேடிலிருந்து குதித்து, வண்டியைத் தூக்கி மடியில் கவிழ்த்திருந்தாள்.

“கை மட்டும்தாம்பா போச்சு. சர்வோ நல்லா இருக்கு. பையில ஸ்பேர் கை பாக்கெட் எடுங்க.”

எடுத்துக் கொடுத்தேன். பழைய கையைக் கழற்றும்போது மூன்று மில்லிமீட்டர் திருகு ஒன்று புழுதியில் விழுந்துவிட்டது. அப்பா வீட்டுக்குப் போய் உடைந்த ரேடியோவின் ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டிக் கொண்டுவந்தார். இருட்டுகிறவரை நாங்கள் மூவரும் முழங்காலிட்டுச் செம்மண்ணில் அதை இழுத்துக்கொண்டிருந்தோம்.