மாங்காய் டாங்க்

கல்யாண மண்டப வாசலில் மாப்பிள்ளை அழைப்புக்குப் பழைய இம்பாலா வந்து நின்றால் ஊரார் பூ அலங்காரத்தைப் பார்ப்பார்கள். எங்கள் தெருக்காரர் ஒருவர் காதைத் தீட்டிக்கொள்வார். டிரைவர் ஸ்டீரிங்கை ஒரு பக்கமாக முழுக்க ஒடித்ததும் பானெட்டுக்குள் ஒரு முனகல் எழும். "பம்ப்!" என்பார், நாடி பிடித்த வைத்தியர் மாதிரி. மாப்பிள்ளை இறங்குவதற்குள் பானெட் திறந்திருக்கும்.

இந்த ரகத்தார் ஊருக்கு நாலு பேராவது உண்டு. எல்லாரிடமும் ஒரு பழைய கார் இருக்கும். அது ஓடுமா என்று மட்டும் கேட்கக் கூடாது.

பவர் ஸ்டீரிங் பம்பின் எண்ணெய் டாங்க்கைப் பார்த்தே குலம் கோத்திரம் சொல்லிவிடுவார் எங்கள் தெருக்காரர். மாங்காயைப் பக்கவாட்டில் ஒட்டவைத்த மாதிரி இருந்தால் சாகினா. ஜெனரல் மோட்டார்ஸுக்காக மிச்சிகனில் அதே பெயருள்ள ஊரில் பிறந்தது. கழுத்து நீண்டு, மூடியோடு அளவுக் குச்சியும் இருந்தால் ஃபோர்டு. பிளாஸ்டிக் டாங்க்கா? எழுபதுகளின் கடைசியில் வந்த ஃபோர்டு. "அது புதுசுலயே அழும் சார்!" கிரைஸ்லர்தான் தலைவலி. சாகினா, ஃபெடரல், தாம்ஸன் என்று மூன்று இடத்தில் சம்பந்தம் வைத்துக்கொண்ட குடும்பம். ஆனாலும் 1951-இல் இம்பீரியல் காரில் பவர் ஸ்டீரிங்கை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தவர்கள் என்ற மரியாதைக்காக வாயை அடக்கிக்கொள்வார். ஃபிரான்சிஸ் டேவிஸ் 1926-லேயே அதைச் செய்து காட்டியும் கம்பெனிகள் கால் நூற்றாண்டு இழுத்தடித்த கதையை எடுத்தாரென்றால், பந்தியில் நமக்குப் பாயசம் கிடைக்காது.

தன் இம்பாலாவுக்குப் பம்ப் தேடிப் புதுப்பேட்டைக்குப் போனபோது என்னையும் இழுத்துப் போனார். இரும்புக் குவியலின் அடியிலிருந்து கடைக்காரப் பையன் ஒன்றை உருவிப் போட்டான். "அமெரிக்கா வண்டி பம்பு சார். ஆயிரத்தைந்நூறு குடுத்துட்டு எடுத்துக்கினு போங்க."

கொடுத்துவிட்டு ஓடி வந்திருக்கலாம். இவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கைக்குட்டையால் கிரீஸைத் துடைத்து, டார்ச் அடித்தார்.

"தம்பி, இது சாகினா, மாங்கா டாங்க். ஷாஃப்ட்டுல கீவே இருக்கு பாருங்க. நுனியில நட்டு போட மரையும் இருக்கு. இது பழைய குலம். பின்னால வந்ததுல புல்லியை அப்படியே அழுத்தி ஏத்தியிருப்பான். புல்லர் இல்லாம கழட்டவே கூடாது. சுத்தியால ஒரு தட்டு தட்டினீங்க, உள்ள இருக்கிற பிளேடெல்லாம் போச்சு. அப்புறம் இந்த பிரஷர் ஓஸ் மரை, அங்குலக் கணக்கு. பின்னால வந்தது மில்லிமீட்டர். இதை அதுல முறுக்கினா ரெண்டு சுத்து அன்பா போகும், மூணாவது சுத்துல மரை செத்துடும்."

"இவ்ளோ கீதா சார் இதுல!" என்றான் பையன். வாய் பிளந்திருந்தது, காதும்தான் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பம்ப் மாட்டினார்கள். முன்சக்கரம் இரண்டையும் ஜாக்கியில் தூக்கி, எண்ணெய் ஊற்றி, இன்ஜினைப் போடாமலே ஸ்டீரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவாகத் திருப்ப வேண்டுமாம். டாங்க்கில் எண்ணெய் மோர் மாதிரி நுரைத்தது. "காத்து, காத்து!" என்று பூரித்தார். ஸ்டார்ட் பண்ணலாமா என்று நாலு தரம் கேட்ட மெக்கானிக் டீ குடிக்கப் போய்விட்டார். தெருப் பிள்ளைகள் முறை வைத்துத் திருப்பினார்கள். எனக்கும் இரண்டு முறை வந்தது. நுரை அடங்கி, சாயங்காலம் இன்ஜினைப் போட்டபோது முனகல் இல்லை. சுண்டுவிரலால் ஸ்டீரிங் திரும்பியது. அவர் முகம்தான் வாடிப்போயிற்று. பிறகு தானே தேறி, "கைவசம் இன்னொண்ணு இருக்கட்டும்" என்றார்.

அடுத்த வாரம் அதே கடை. குவியலைக் காணோம், பம்புகள் துடைத்து அலமாரியில் ஏறியிருந்தன. பையன் ஒன்றைப் பக்குவமாக எடுத்துத் துணியில் வைத்தான்.

"சாகினா சார். மாங்கா டாங்கு, அங்குல மரை. கீவே வெச்ச ஷாஃப்ட்டு. ஆறாயிரம்."

நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் கண்ணில் தண்ணீர் தளும்பியது.

"பாத்தீங்களா சார், ஒரு தப்பு இல்லாம சொல்றான்!" என்று பர்ஸைத் திறந்தார்.