காற்றுக்கு ஒரு மெமோ

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழையும் ஆடிக்காற்றுக்கு அரசு முத்திரையோடு ஒரு மெமோ அனுப்பலாம். 'முன் அனுமதியின்றி வீசியமைக்காகத் தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது? ஏழு நாட்களுக்குள் விளக்கம் தரவும். நகல்: மேற்குத் தொடர்ச்சி மலை.'

சிரிக்காதீர்கள். அந்தக் கணவாயை ஒட்டிய முப்பந்தல் காற்றாலைகளில் நடப்பது இதைவிடக் கேவலம். காற்று பேய் போல வீசிக்கொண்டிருக்கும்போதே மின்சார வரத்தைக் கட்டுப்படுத்தும் லோடு டெஸ்பாட்ச் சென்டரிலிருந்து போன் வரும்: "பேக் டவுன் பண்ணுங்க." உடனே இறக்கைகளைக் காற்று பிடிக்காதபடி திருகி, காத்தாடியை மொட்டையாக நிறுத்துவார்கள். 2012 மின்வெட்டில் ஊரே விசிறியும் கையுமாகத் திண்ணையில் கிடந்தது. அப்போதும், கொண்டுபோக லைன் போதாமல், தெற்கே மின்சாரம் வீணாகிக்கொண்டிருந்தது.

விதிப்படி இது 'மஸ்ட் ரன்' மின்சாரம், சும்மா நிறுத்தக்கூடாது. கேட்டால் 'கிரிட் பாதுகாப்பு' என்று திருநீறு பூசுவார்கள். 2021இல் தமிழகச் சூரிய மின்நிலையங்களின் வழக்கில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்தத் திருநீற்றைத் துடைத்துப் பார்த்தது. உள்ளே இருந்தது பெரும்பாலும் காசுக் கணக்கு. நஷ்டஈடு கொடு என்றது.

இப்படி நிறுத்தச் சொல்பவர்கள்தான் ஏசி அரங்கில் மைக் பிடித்து, "காற்றை நம்ப முடியாது" என்கிறார்கள். ஐயா, காற்று கூடும், குறையும்; வைகாசி பிறந்தால் வந்துவிடும். காற்றாலைக்காரர்கள் கொடுத்த மின்சாரத்துக்கு மின்வாரியம் தரவேண்டிய பணம்தான் ஒரு காலத்தில் வருஷம் தாண்டியும் வரவில்லை.

காற்று கூடும்போது மிஞ்சும் மின்சாரத்தில் தண்ணீரை மேலேற்றி, தேவையானபோது இறக்கி மின்சாரம் எடுக்கும் வித்தை நமக்குப் புதிதா? காடம்பாறையில் 400 மெகாவாட்டை 1980களிலேயே செய்தோம். அடுத்தது குந்தா, 500 மெகாவாட். அங்கே தண்ணீர் ஏறி இறங்குவதற்குள் கோப்பு எத்தனை ஆட்சி ஏறி இறங்கியது!

பக்கத்து ஆந்திரம் இன்னும் கெட்டி. 2019இல் புதிய அரசு வந்ததும், முந்தைய அரசின் காலத்தில் கையெழுத்தான காற்று, சூரிய மின் ஒப்பந்தங்களின் விலையைக் குறைக்கக் குழு போட்டது. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான் என்று உயர்நீதிமன்றம் சொல்ல 2022 ஆனது. சந்தை நிச்சயமற்றதாம்! நிச்சயமற்றது கையெழுத்து.

கடன் கொடுக்கும் வங்கிக்காரன் இளிச்சவாயனா? ஆட்சி மாறும் ஆபத்துக்கும் சேர்த்து வட்டி போடுவான். அது யார் தலையில் விடிகிறது என்று, இரண்டு மாதத்துக்கொரு முறை உங்கள் வீட்டு மீட்டரில் ரீடிங் எடுக்க வருபவரைக் கேளுங்கள்.