மருந்து முக்காத குச்சிகள்

பேரப்பிள்ளைகளுக்கு முழு ஆண்டு விடுமுறைப் புத்தகங்களைத் தேடி வாங்குவது இப்போது என் வேலை. மூத்தவளுக்கு ஏழு வயது, இளையவனுக்கு நான்கு. "கதைப் புத்தகம் வீட்ல நெறையக் கெடக்கும்மா. கையால ஏதாவது செய்யுற மாதிரிப் பாத்து வாங்குங்க" என்று மகள் ஒவ்வொரு ஏப்ரலிலும் சொல்லிவிடுவாள். அப்படிப்பட்ட புத்தகங்களுக்கு இன்று எந்தக் கடையிலும் பஞ்சமில்லை. புள்ளி இணைப்பது, வண்ணம் தீட்டுவது, வழி கண்டுபிடிப்பது, வெட்டி ஒட்டுவது, ஸ்டிக்கர் ஒட்டுவது, எழுதி எழுதித் துடைப்பது என்று மேசை மேசையாக அடுக்கியிருக்கிறார்கள். நான் ஒவ்வொன்றையும் நடுப்பக்கத்தில் விரித்து, நிதானமாகப் பார்த்துத்தான் எடுக்கிறேன். கடைக்காரர்கள் சிலர் முகம் சுளிப்பதுண்டு. சுளிக்கட்டும். பிள்ளையின் ஒரு மாதப் பொழுது அதற்குள் இருக்கிறது.

நான் வளர்ந்தது 1970-களின் கோவில்பட்டியில். எங்களுக்குக் கிடைத்தவை, கிளை நூலகத்துக்கு வரும் அம்புலிமாமா, 1972-ல் கல்கி நிறுவனத்தார் தொடங்கிய கோகுலம், அதே ஆண்டில் பக்கத்துச் சிவகாசியில் இரும்புக்கை மாயாவியோடு கிளம்பிய முத்து காமிக்ஸ். காமிக்ஸ் யார் வீட்டிலாவது ஒரு பிரதி இருக்கும். தெரு முழுக்கச் சுற்றிவிட்டு அட்டை இல்லாமல் திரும்பும். அம்புலிமாமாவில் வேதாளத்தைத் தோளில் போட்டு, வாளை உயர்த்தி நடக்கும் விக்கிரமாதித்தனை ஓவியர் சங்கர் வரைந்திருப்பார். அதைப் பார்த்து வரைவதிலேயே பல மத்தியானங்கள் போயின.

விளையாட்டுப் புத்தகம் என்று தனியாக ஒன்றை நாங்கள் கண்டதில்லை. ஏதாவது ஒரு இதழின் மூலையில் புள்ளி இணைக்கும் படமோ, ஆறு வித்தியாசமோ, முயலைக் கேரட்டுக்குக் கூட்டிப் போகும் வழியோ வரும். நூலகப் பிரதியில் பென்சில் படக்கூடாது. பட்டால் அடுத்த வாரம் உள்ளே விட மாட்டார்கள். என் அண்ணன் அதற்கு ஒரு வழி வைத்திருந்தான். மெல்லிய வெள்ளைத் தாளில் துளி தேங்காய் எண்ணெய் தேய்த்து, துணியால் ஒற்றி எடுத்து, வெயிலில் காயவைத்தால் அடியில் இருப்பது தெரியும். அதைப் படத்தின் மேல் வைத்துக் கோடு எடுத்து வந்துவிடுவான். வீட்டில் அந்தத் தாளைப் பார்த்து, திண்ணையில் கரித்துண்டால் பெரிதாக வரைவோம். அந்த முயலுக்கு எங்கள் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் வழி சொல்லியிருக்கிறார்கள்.

இதைச் சொன்னால் உடனே யாராவது, "அந்தக் காலம்தான் காலம், தெருவே விளையாட்டுப் பள்ளிக்கூடம்" என்று தொடங்கிவிடுகிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு விடுமுறை என்றால் தீப்பெட்டி ஒட்டுவது. திண்ணையில் பசைச் சட்டியும் தாள் கட்டும் வந்து இறங்கும். என் வகுப்புத் தோழி ஒருத்தி, ஒட்டி முடித்த பெட்டிகளைச் சுவரோரம் காயப் போட்டுவிட்டு, அதன்பிறகுதான் முயலுக்கு வழி கண்டுபிடிக்க வருவாள். பல நாள் வருவதற்குள் இருட்டிவிடும். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன பிள்ளைகளைக் கூட்டிப் போக, விடிவதற்கு முன்பே தீப்பெட்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் தொழிற்சாலையின் பஸ் வரும். அங்கே கட்டை அடுக்குவார்கள்: சட்டத்தின் பள்ளங்களில் குச்சிகளை ஒவ்வொன்றாக வரிசையாகப் பதிப்பது. சின்ன விரல்களுக்கு அது வேகமாக வரும் என்பதற்காகவே சின்னப் பிள்ளைகளைத் தேடினார்கள். 1986-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டி வேலையைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் குடும்பத்தார் தங்களுக்குள் செய்யும் வேலைக்கு அதே சட்டம் விலக்குக் கொடுத்தது. திண்ணையில் இருந்த பசைச் சட்டி அப்படியே இருந்தது.

ஒரு பிள்ளை தன் விரல்களால், யாருக்கும் கூலிக்கு அல்லாமல், தனக்காக ஒன்றைச் செய்து பார்ப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரிந்தது அங்கேதான். அதனால்தான் இந்தப் புத்தகங்களைப் 'பொழுது போக்க' என்று சொல்வதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடிவதில்லை.

என் மகள் வளர்ந்த 1990-களில் ஊரில் வேறு காற்று வீசியது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் துளிர் என்ற சிறுவர் மாத இதழை நடத்திவந்தது. அறிவொளி எழுத்தறிவு இயக்கத்துக்காக மாலையில் கிராமங்களுக்குப் போய்வந்த ஓர் ஆசிரியர், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு முற்றத்தில் பிள்ளைகளைக் கூட்டுவார். அவர் பையில் இரண்டே சாமான்கள்: ஒரு கட்டுத் தீக்குச்சி, ஒரு சுருள் சைக்கிள் வால்வு டியூப். அரவிந்த் குப்தா கண்டுபிடித்த விளையாட்டு அது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, புனேயில் டெல்கோவில் வேலை பார்த்த பொறியாளர் அவர். 1978-ல் விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத்துக்குப் போய், அங்கே கிராமப் பள்ளிகளில் நடந்துகொண்டிருந்த அறிவியல் கல்வித் திட்டத்தில் சேர்ந்தவர். சந்தையில் கிடைக்கும் வால்வு டியூபைச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, இரண்டு பக்கமும் குச்சியைச் செருகினால் அது ஒரு மூட்டு ஆகிவிடும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. இதை விளக்கும் அவருடைய மெல்லிய புத்தகம் அன்று பல மொழிகளில் சுற்றிக்கொண்டிருந்தது.

எங்கள் ஊரில் குச்சிக்கா பஞ்சம்? மருந்து முக்காத வெள்ளைக் குச்சியைத் தீப்பெட்டி ஆபீஸில் கைநிறையக் கொடுத்தார்கள். மூன்று குச்சியை இணைத்த முக்கோணத்தை எவ்வளவு அழுத்தினாலும் அசையாது. நான்கு குச்சியில் செய்த சதுரம், விரல் பட்டதும் ஒரு பக்கமாகச் சாயும். "சாயாம இருக்க என்ன பண்ணலாம்?" என்று மட்டும் ஆசிரியர் கேட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொள்வார். ஒரு நாள் அந்தக் கூட்டத்தில் கட்டை அடுக்கிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி இருந்தாள்; பத்து வயதுக்கு மேல் இருக்காது. மற்ற பிள்ளைகள் குச்சியை மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டிருக்க, அவள் குறுக்கே ஒரு நீளக் குச்சியை வைத்துச் சதுரத்தை இரண்டு முக்கோணமாக்கி நிறுத்தினாள். "அண்ணே, கரண்டு கோபுரம் இப்டித்தான இருக்கு?" என்றாள். அவள் தினமும் தொட்ட குச்சிதான் அது. அதை வைத்து அவள் தனக்காக ஒன்று செய்தது அன்றுதான்.

இன்று புத்தகத்தை விரித்துப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது, அது பிள்ளையை எங்கே அனுப்புகிறது என்பதைத்தான். சில புத்தகங்களில் எல்லா வேலையும் பக்கத்துக்குள்ளேயே முடிந்துவிடும். ஸ்டிக்கரை உரித்து ஒட்டினால் தீர்ந்தது; ஒரே மாலையில் புத்தகமும் தீர்ந்துவிடும். மூன்று வயதுப் பிள்ளைக்கு உரிப்பதே விரலுக்கு நல்ல பயிற்சி, அந்த அளவில் எனக்கு அதில் குறையில்லை. அதற்கும் கீழே உள்ள குழந்தைக்கு, வாயில் போட்டுக்கொள்ளும் அளவுச் சின்னத் துண்டுகள் எதுவும் ஆகாது. தடித்த அட்டைப் படப்புத்தகம் போதும். ஆனால் ஏழு வயதுக்காரிக்கு நான் எடுப்பது வேறு. 'உன் வீட்டுச் சமையலறையில் மிதக்கும் பொருள் எது, மூழ்கும் பொருள் எது, பார்த்து எழுது', 'இரண்டு பேர் சேர்ந்து விளையாடு', 'உன் தெருவுக்கு ஒரு வரைபடம் போடு' என்று பிள்ளையை எழுந்திருக்க வைக்கும் புத்தகம்.

பதிப்பாளர்கள் கவனிக்க வேண்டிய சில விஷயங்கள் உண்டு. மனம் பொறுக்காமல்தான் சொல்கிறேன். வெட்டி எடுக்க வேண்டிய படத்தின் பின்பக்கத்தில் இன்னொரு புதிரை அச்சடிக்கிறார்கள். கத்தரிக்கோல் வைத்ததும் பின்னால் இருப்பது போய்விடுகிறது, பிள்ளை அழுகிறது. ஸ்கெட்ச் பேனா மறுபக்கம் ஊறும் தாளில் வண்ணம் தீட்டச் சொல்கிறார்கள். முதுகில் பசை வைத்து ஒட்டிய புத்தகம் தரையில் விரிந்து நிற்காது, ஒரு கை பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் பின் அடித்தது நன்றாகப் படியும். 'ஒளிந்திருக்கும் பொருள்களைக் கண்டுபிடி' என்ற பக்கத்தில் பனிமனிதனும் கம்பளிக் கையுறையும் கணப்படுப்பும் இருக்கின்றன. நெல்லைச் சீமைப் பிள்ளைக்கு அந்தப் பொருளே தெரியாதபோது எதைத் தேடும்? பனையும் நுங்கு வண்டியும் போட்டால் அதே புதிர் நல்ல புதிர். நான்கு வயதுக்கான பக்கத்தில் 'கீழ்க்காண்பவற்றுள் பொருத்தமானவற்றைத் தேர்ந்து வண்ணமிடுக' என்று எழுதுகிறார்கள். வாசித்துச் சொல்லும் பாட்டிக்கே மூச்சு வாங்குகிறது.

அட்டையில் போடும் வயது எண்ணை நான் பார்ப்பதே இல்லை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம், ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையான பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் இருக்கும் நிலையை வைத்துத்தான் பிரித்தது. மறு ஆண்டு தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சின்னப் புத்தகங்களும் நுழை, நட, ஓடு, பற என்றே வந்தன. தன் வகுப்பைக் குறிக்கும் எண்ணைப் பார்த்து ஒரு பிள்ளையும் அங்கே கூசிப்போக வேண்டியதில்லை. விற்பனைக்கு வரும் புத்தகங்களிலும் இப்படிச் செய்தால், 'ஐந்து வயதுக்கு உரியது' என்ற புத்தகம் முடியாமல் திணறும் ஏழு வயதுப் பிள்ளை காப்பாற்றப்படும்.

சென்ற ஆண்டு வாங்கியதில் ஒன்று, பழைய விளையாட்டுகளுக்கான புத்தகம். தாயம், பல்லாங்குழி, ஆடு புலி ஆட்டம் எல்லாவற்றுக்கும் கட்டம் அச்சடித்து, விதியும் போட்டிருந்தார்கள். ஆடு புலிக்கு 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள். ஆடு வைப்பவர் ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். புலி தாண்டினால் ஆடு போச்சு. எல்லாப் புலிகளையும் நகர விடாமல் அடைத்தால் ஆடு ஜெயித்தது. பேத்தி புலியைத்தான் கேட்டாள். நான் ஆடு வைத்தேன்.

"ஆச்சி, நீங்க ஆட்டைக் குடுத்துக்கிட்டே இருக்கீங்க. பாவம்."

"குடுக்கல தாயீ. வழிய அடைக்கேன். உன் புலி எங்கன போவும், பாரு."

அவள் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். நகர இடமில்லை என்று புரிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, வாசலில் சாக்பீஸால் தானே கட்டம் போட்டாள். புள்ளிகள் தப்பாக வந்தன, அழித்துப் போட்டாள். மறுநாள் அடுத்த வீட்டுப் பையன், அவன் தங்கை, எங்கள் வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் மகன், எல்லாரும் அந்தக் கட்டத்தைச் சுற்றி. புத்தகம் உள்ளே அலமாரியில், ஒரு கோடும் விழாமல், புதிதாக இருந்தது.

எனக்குப் புத்தி வந்தது அந்த இடத்தில்தான். எழுதித் தீர்க்கும் புத்தகத்தை நூலகம் இரவல் தர முடியாது. முதல் பிள்ளை முடித்ததும் அது குப்பை. காசு கொடுத்து வாங்கும் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும்தான் அது கிடைக்கும். கதைப் புத்தகம் கிளை நூலகம் வழியாக ஏழைப் பிள்ளைக்கும் போய்ச் சேர்கிறது, செயல்பாட்டுப் புத்தகம் போவதில்லை. அதை வைத்து ஒன்றைச் செய்து பார்க்கும் உரிமை ஒரு சாராருக்கு மட்டும் இருப்பது எனக்குச் சம்மதமில்லை. பக்கத்தில் எழுதாமல் வேறு தாளில், தரையில், மணலில், குச்சியில் செய்யச் சொல்லும் புத்தகமாக இருந்தால் ஒரே பிரதி ஆண்டுக்கணக்கில் கை மாறும்.

இந்த ஆண்டு அப்படிப்பட்டவற்றைத் தேடி, இரண்டு இரண்டு பிரதியாக வாங்கினேன். ஒன்று வீட்டுக்கு, ஒன்று எங்கள் கிளை நூலகத்துக்கு. தாள் மடிப்புப் புத்தகம் ஒன்று, குச்சி வேலைக்கு ஒன்று, ஆட்டங்களுக்கு ஒன்று, கிழித்து ஒட்டும் படங்களுக்குப் பழைய செய்தித்தாளே போதும் என்று சொல்லும் புத்தகம் ஒன்று. நூலகர் இளைஞர். "விளையாட்டுப் புத்தகம்னா பிள்ளைங்க கிறுக்கிருவாங்களே மேடம், தணிக்கைல கேப்பாங்க" என்று தயங்கினார். ஒரு கட்டு வெள்ளைத் தாளையும் பென்சில் பெட்டியையும் சேர்த்துக் கொடுத்து, சனிக்கிழமை காலையில் நான் வந்து உட்காருகிறேன் என்றேன். பதிவேட்டில் எண் போட்டு எடுத்துக்கொண்டார். மே முழுக்கச் சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறேன். வால்வு டியூபுக்குச் சைக்கிள் கடையில் சொல்லிவைத்தாயிற்று.