அந்த வீட்டில் யாரும் எதையும் கேட்பதில்லை

‘டார்க் ஷேடோஸ்’ பார்க்க ஆசைப்படுகிறவருக்கு ரசிகர்கள் வழக்கமாகத் தரும் முதல் அறிவுரை, முதல் 209 எபிசோடுகளைத் தாண்டிவிடு என்பது. அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 1966 ஜூன் 27 அன்று தொடங்கி 1971 ஏப்ரல் வரை பிற்பகல் நேரத்தில் வந்த தொடர் அது. மொத்தம் 1225 எபிசோடுகள். ரத்தக்காட்டேரி பார்னபஸ் காலின்ஸ் சவப்பெட்டிக்குள்ளிருந்து கையை நீட்டுவது 210இல்தான். மறு ஒளிபரப்புகளும் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கின. டிவிடி போட்டவர்கள்கூடக் காட்டேரியை முதலில் விற்றுத் தீர்த்துவிட்டு, ஆரம்பத்தைப் பிறகுதான் வெளியிட்டார்கள். ஆக, 76 மணி நேரச் சரக்கைக் குப்பை என்று ஒதுக்கியாயிற்று. என் கட்சி வேறு. அந்தக் காட்டேரிக்கு வாடகையில்லாமல் வீடு பார்த்துக் கொடுத்ததே இந்த 209 எபிசோடுகள்தான்.

அவற்றில் என்ன நடக்கிறது? அநாதை இல்லத்தில் வளர்ந்த விக்டோரியா வின்டர்ஸ், மெய்ன் மாநிலத்தின் கடலோர ஊர் ஒன்றில் இருக்கும் காலின்வுட் மாளிகைக்கு, டேவிட் என்ற சிறுவனுக்குப் பாடம் சொல்லித்தர ரயிலில் வருகிறாள். மாளிகைக்காரி எலிசபெத் அம்மாள் பதினெட்டு வருடமாக வாசற்படி தாண்டியதில்லை. நிலவறையில் ஓர் அறை பூட்டியே கிடக்கிறது. தம்பி ரோஜர், தான் காரோட்டிக் கொன்ற பழியை பர்க் டெவ்லின் தலையில் கட்டி அவனை ஐந்து வருடம் சிறைக்கு அனுப்பியவன். ரோஜரின் மகன்தான் டேவிட். அப்பாவின் கார் பிரேக்கிலிருந்து வால்வைக் கழற்றி வைத்துக்கொள்ளும் பிள்ளை. (பாடம் சொல்லித்தர வந்தவள், பையனுக்கு மெக்கானிக் வேலையே தெரிகிறது என்று அடுத்த ரயிலில் திரும்பியிருக்கலாம்.) இவ்வளவு இருந்தும் கதை நகர்வதில்லை என்பதே குற்றச்சாட்டு. அதற்குச் சான்றாக எல்லோரும் நீட்டுவது ஒரு பேனாவை. மேனேஜர் பில் மல்லாய் கடலில் பிணமாகிறார், கரையில் விக்டோரியா ஒரு வெள்ளிப் பேனாவைக் கண்டெடுக்கிறாள், ரோஜருக்கு வியர்க்கிறது. திருடுகிறான், மண்ணில் புதைக்கிறான். அந்தப் பேனா எங்கே, யாருடையது, எப்படி வந்தது என்று மாளிகையிலும் ஓட்டலிலும் காப்பிக் கடையிலும் வாரக்கணக்கில் விசாரணை. கடைசியில் பார்த்தால் ரோஜர் கொலையே செய்யவில்லை! மல்லாயின் சாவுக்குக் காரணம் தோட்டவீட்டு வேலையாள் மேத்யூ மார்கன்.

இழுவைதான், மறுக்கவில்லை. ஆனால் இழுக்கப்படுவது என்ன என்று பார்க்க வேண்டும். செய்யாத கொலைக்காக ஒருவன் பேனாவைப் புதைக்கிறான் என்றால், அந்த வீட்டில் எதைக் கண்டாலும் முதலில் ஒளித்துவைப்பதுதான் பழக்கம் என்று பொருள். ஒரே சேதி ஐந்து பேருக்கு ஐந்து முறை சொல்லப்படுகிறது. ஐந்து முறையும் சொல்பவர் எதையோ விழுங்கிவிடுகிறார். வீடியோ டேப்பை வெட்டி ஒட்டுவது அன்று செலவு பிடித்த வேலை. அதனால் நடிகர்கள் வசனத்தை மறந்து தடுமாறியதும், தலைக்கு மேலே மைக் எட்டிப் பார்த்ததும் அப்படியே ஒளிபரப்பாயின. இதைக் கேலி செய்வது சுலபம். ஆனால் எல்லோரும் பொய் சொல்லும் கதையில் தடுமாற்றம் எப்படிக் குறையாகும்? ஓவியர் சாம் எவன்ஸ் பதில் சொல்ல முடியாமல் திணறும்போது, அவர் கண் தேடுவது மனசாட்சியையா டெலிபிராம்ப்டரையா என்று நமக்குத் தெரிவதில்லை, தெரியாமலிருப்பதே நல்லது.

பேய் பிசாசு இல்லாத கோத்திக் கதை எதற்கு என்று கேட்பவர்கள் 70ஆம் எபிசோடைப் பார்த்ததில்லை. அங்கேயே ஜோசட் என்ற ஆவி சுவரிலிருக்கும் ஓவியத்திலிருந்து இறங்கி வருகிறது. மேத்யூவையும் ஆவிகள்தான் பயமுறுத்திச் சாகடிக்கின்றன. டேவிட்டின் அம்மாவே நெருப்பில் எரிந்து திரும்பத் திரும்பப் பிறக்கும் பீனிக்ஸ். இன்னோர் ஆட்சேபம் கனமானது: பார்வையாளர்கள் போதவில்லை, தொடர் நின்றுபோகும் நிலை, காட்டேரிதான் காப்பாற்றியது. உண்மை. பார்னபஸாக நடித்த ஜோனதன் ஃபிரிட் அந்தக் கோட்டும் கைத்தடியுமாக வந்திருக்காவிட்டால் இன்று இதைப் பற்றிப் பேச ஆளிருக்காது. ஆனால் அவர் வந்த விதத்தைக் கவனியுங்கள். இங்கிலாந்திலிருந்து வந்த உறவுக்காரன் என்கிறார். கூடத்தில் தொங்கும் முன்னோர் படத்தில் அச்சாக அதே முகம். பகலில் தலைகாட்டுவதே இல்லை. இடிந்து கிடக்கும் பழைய வீடு போதும் என்கிறார். வேறெந்தக் குடும்பமும் இரண்டாம் நாளே துருவத் தொடங்கியிருக்கும். காலின்ஸ் குடும்பமோ, எலிசபெத் ஏன் வெளியே போவதில்லை என்று பதினெட்டு வருடம் கேட்காமல் பழகியது. புதிதாக வந்தவர் ஏன் பகலில் வருவதில்லை என்று கேட்குமா? 211ஆம் எபிசோடில் அவர் கதவைத் தட்டுவதற்குள், உள்ளே இருப்பவர்கள் 209 எபிசோடுகள் பயிற்சி முடித்திருந்தார்கள்.

பாவம், பயிற்சி பெறாதவள் விக்டோரியா ஒருத்திதான். என் பெற்றோர் யார், இந்த வீட்டுக்கு என்னை ஏன் அழைத்தார்கள் என்ற கேள்வியோடு முதல் எபிசோடில் ரயிலேறினாள். 1225 எபிசோடுகளும் முடிந்தன. பதிலை யாரும் சொல்லவில்லை.