நண்டைத் தேடி விமானத்தில்

நேற்று ராத்திரி பதினொரு மணிக்கு சுவிசிலிருந்து மச்சான் ஓர் அட்டவணை அனுப்பினார். பெயர் 'சிங்கப்பூர் - இறுதி'. காலையில் எழும்பிப் பார்த்தால் 'சிங்கப்பூர் - உண்மையான இறுதி' வந்து கிடக்கிறது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் 1994-இல் ஓர் உணவுத் திருவிழாவைத் தொடங்கினார்கள். பெரும்பாலும் யூலையில் நடந்து வந்திருக்கிறது. மச்சானுக்குக் கோடை லீவும் அப்போதுதான். ஊருக்கு வருகிற வழியில் அங்கே இறங்கி, நாலைந்து நாள் தின்றுவிட்டு, பிறகு குருக்கள்மடம் வருவதாகத் திட்டம். "அத்தான், நீங்களும் அக்காவும் அங்க வந்து சேருங்க. மறுகா எல்லாரும் ஒண்டா ஊருக்கு வருவம்." அதாவது, ஊரில் இருக்கிற நான் ஊருக்கு வருவதற்காகச் சிங்கப்பூர் போக வேண்டும்.

மறுக்க ஒரு காரணம் தேடினேன். விசா கிடைக்காது என்று சொல்லலாமென்றால், நம் கடவுச்சீட்டைக் கண்டு முகம் சுளிக்காத கொஞ்ச நாடுகளில் அதுவும் ஒன்றாகப் போய்விட்டது. கோயில் வேலை என்று இழுத்தேன். "அம்மன் சடங்கெல்லாம் வைகாசியோட முடிஞ்சிரும். மாமாங்கம் ஆடி அமாவாசைக்குத்தானே, அதுக்குள்ள வந்திரலாம்" என்கிறார். பனிக்குள் இருந்துகொண்டு நம்மைவிட நன்றாகப் பஞ்சாங்கம் பார்க்கிறார்கள்.

அட்டவணையைக் கொஞ்சம் பாருங்கள். காலை 7.30, காயா ரோஸ்ட், அரைவேக்காட்டு முட்டை. 8.45, தேக்கா சந்தையில் பிராட்டா. 10.30, லக்சா. 12.00, மெக்ஸ்வெல் சந்தையில் ஹைனான் கோழிச்சோறு. 2.00, 'செரிமானம்'. அதற்குத் தனிக்கட்டம், பச்சை நிறம். 2.40-க்குச் செரித்து முடிந்து செண்டோல். நாலு மணிக்கு டுரியான் பழம். அதை ரயிலில் கொண்டுபோகத் தடை என்பதால், வாங்கிய இடத்திலேயே நின்று தின்ன இருபது நிமிடம். 2016-இல் தெருக்கடைக் கோழிக்கு மிச்செலின் நட்சத்திரம் கிடைத்ததாம். அந்தக் கோழிக்கு வரிசையில் நிற்க ஒன்றரை மணித்தியாலம். கக்கூசுக்கு மட்டும் எந்தக் கட்டமும் இல்லை.

ஒரு திருவிழாவை வைத்து லீவை எப்படித் திட்டமிடுவது என்று உங்களுக்கு உபயோகமான யோசனை சிலதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் சாமான் கட்டுவது பற்றி ஒரு வார்த்தை.

உலகமே சாப்பிடப் போகிற நகரத்துக்கு நம் ஆட்கள் எதைக் கொண்டு போகிறார்கள்? சாப்பாட்டைத்தான். வீட்டில் இப்போதே ஒரு சூட்கேஸ் விரிந்து கிடக்கிறது. முதலில் வறுத்த மிளகாய்த்தூள், ஒரு கிலோ. பிறகு வறுக்காத தூள், அது மீனுக்கு. எந்த மீனுக்கு என்று கேட்கக்கூடாது. சிவப்பரிசி மா, வறுத்து அரித்தது, புட்டுக்கு. அது உடைந்தால் தூளோடு கலந்துவிடும் என்று மேலே ஒரு பை, அதற்கு மேலே இன்னொரு பை, எல்லாவற்றையும் சுற்றி என் நல்ல சாரன். கருவாடு பொரித்து, ஆறவிட்டு, ஹோர்லிக்ஸ் போத்தலில் அடைத்து, மூடியைச் சுற்றி டேப். மாசிச் சம்பல். வெறும் வயிற்றில் ஏதும் ஒத்துக்கொள்ளாவிட்டால் மல்லித் தண்ணி அவிக்க மல்லி. அவிக்கச் சின்னச் சட்டி. சட்டி இருப்பதால் அகப்பை. எலுமிச்சை ஊறுகாய். அதற்குப் பக்கத்தில், ஊறுகாய் ஊறி வழிந்தால் துடைக்கப் பழைய துணி. எல்லாவற்றுக்கும் அடியில், கண்ணில் படக்கூடாது என்று துவாயில் சுற்றி, இடியப்ப உரல்.

"இது என்னத்துக்குகா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"உங்களுக்குத்தான். மூண்டாம் நாள் சோறு, புட்டு எண்டு நிண்டா நான் எங்க போறது?"

இடியப்ப உரல் விமான நிலைய ஸ்கானரில் எப்படித் தெரியும் என்று நினைத்தாலே எனக்கு வியர்க்கிறது. ஒரு குழாய், அதற்குள் இறங்க ஒரு தண்டு, அடியில் வட்டமாகத் துளைகள். நம் நாட்டில், நம் வயதில், நம் பெயரோடு இதைச் சோதனைச் சாவடியில் விளக்கிப் பழகியவர்கள் நாம். இனிச் சிங்கப்பூர் அதிகாரிக்கும் பிழிந்து காட்ட வேண்டும். மாவும் கைவசம் இருக்கிறது, குறையில்லை.

சரி, நான் சொல்ல வந்தது நண்டு.

கடைசி நாள் இரவு ஏழு மணிக் கட்டத்தில் 'மிளகாய் நண்டு' என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார். 1950களில் ஒரு பெண்மணி தள்ளுவண்டியில் விற்கத் தொடங்கிய கறி அது. தக்காளிச் சோஸ், மிளகாய்ச் சோஸ், முட்டை. ஒரு முருங்கையிலைகூடப் போடுவதில்லை. பரவாயில்லை, அவரவர் ருசி. அதன் பக்கத்தில் மச்சான் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார்: 'இலங்கை நண்டு கேட்டு வாங்கவும். அதுதான் திறம்.' இந்த இடத்தில்தான் போனைக் கவிழ்த்தேன்.

அந்த நண்டு எங்கேயிருந்து போகிறது? புத்தளம், நீர்கொழும்பு, மன்னார், பிறகு நம்முடைய இந்த ஆறு. வாவி என்று புத்தகத்தில் எழுதுவார்கள். எழுவான்கரையில் இருக்கிற நமக்கும், பாதை என்கிற மிதவையேறி அம்பிளாந்துறைப் பக்கம் போனால் படுவான்கரையில் இருப்பவர்களுக்கும் அது ஆறுதான். விடியப்புறம் ஆத்து நண்டு கரைக்கு வரும்போது வியாபாரி நிற்பார். கயிற்றால் கட்டிய நண்டைத் திருப்பி, வயிற்றுப்பக்கம் பெருவிரலால் ஓர் அமுக்கு. அமுங்காவிட்டால் சதை நிறைந்தது. ஈரச் சாக்கு போட்ட பெட்டிக்குள் போய், உயிரோடு விமானம் ஏறும். அமுங்கினால் தண்ணி நண்டு. அது நமக்கு. ஒரு கை போனது, கொடுக்கு உடைந்தது, உள்ளங்கையளவு குஞ்சு எல்லாம் நமக்கு. 2011-இல் சங்கக்காரவும் மஹேலவும் தர்ஷன் முனிதாசவும் கொழும்புப் பழைய டச்சு ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் நண்டுக்கென்றே ஒரு சாப்பாட்டுக்கடை திறந்ததும் இந்த ஆதங்கத்தில்தான்: நல்ல நண்டெல்லாம் வெளியே போகிறதே என்று. அதைத் தின்னவும் நாங்கள் ராத்திரி பஸ் ஏற வேண்டும்.

இரண்டு கையும் உள்ள நண்டை எங்கள் பக்கத்தில் ஒரு கலியாண வீட்டில்கூடக் காண்பது குறைவு. இப்போது அதைத் துரத்திக்கொண்டு சிங்கப்பூர் போய், எங்கள் இருநூறு ரூபாவுக்கு மேல் ஒரு டொலர் என்ற கணக்கில், கிலோ நிறுத்து, வரிசையில் நின்று, "எங்கட ஊர் நண்டு" என்று மச்சான் போட்டோ எடுக்க, நான் கொடுக்கைப் பிடித்துக்கொண்டு சிரிக்க வேண்டும்.

யூலை, ஓகஸ்டில் வெளியிலிருந்து ஊருக்கு வர இருக்கிறவர்களுக்கு ஒரு சொல். நேரே இங்கே வாருங்கள், அட்டவணை வேண்டாம். நண்டு வேண்டுமென்றால் விடிய ஐந்து மணிக்கு எழும்பி, வியாபாரி வருமுன் கரைக்குப் போய், அவர் கொடுக்கிற விலைக்கு மேல் நூறு ரூபா கூடக் கொடுத்து வாங்கிவிடுங்கள். புட்டு அவிக்கலாம். இடியப்ப உரலும் வீட்டில்தான் இருக்கும்.