ஒன் பை டூ தம்பதி

எல்லாத் தெருவிலும் ஒரு ஒன் பை டூ தம்பதி உண்டு. அறுபதைத் தாண்டியிருப்பார்கள். மகன் அமெரிக்காவில் இருப்பான், இல்லையென்றால் அம்பத்தூரில் இருப்பான். வந்து போகிற கணக்கில் இரண்டும் ஒன்றுதான். பென்ஷன் வருகிறது, குறை ஒன்றுமில்லை. ஆனால் எந்தப் பண்டத்தையும் ஒரே ஆள் முழுசாகச் சாப்பிட்டதாக அந்த வீட்டில் சரித்திரம் கிடையாது.

எங்கள் மாடி போர்ஷனில் இருப்பவர்கள் இந்த ஜாதியில் அசல் சரக்கு. சார், பத்திரப் பதிவு ஆபீசில் 30 வருஷம் பாகப்பிரிவினைப் பத்திரங்களோடு குடித்தனம் நடத்தியவர். அந்த அம்மா கணக்கு டீச்சர். பின்னம் நடத்தியே ரிடையர் ஆனவர். ஜாதகம் பார்த்தவர் இதைத்தான் பொருத்தம் என்று சொல்லியிருக்க வேண்டும்.

காலை ஐந்தரைக்கு ஃபில்டரைத் தட்டுகிற சத்தம் கேட்கும். காபிப் பொடியில் பீபெரி பாதி, பிளான்டேஷன் ஏ பாதி. அதில் தகராறில்லை. சிக்கரியில்தான் வழக்கு. சாருக்கு சிக்கரி ஆகாது. டீச்சருக்கு 100 கிராமில் 20 கிராமாவது இருந்தால்தான் டிகாக்‌ஷன் கெட்டியாக இறங்கும். கடைசியில் 10 கிராம் என்று ராஜி ஆனது. இருவருக்குமே திருப்தியில்லை என்பதால் அது நியாயமான தீர்ப்பாகத்தான் இருக்கும்.

சார் டம்ளரைக் கையில் எடுத்ததும் டீச்சர் சொல்வார்: “எனக்கு வேண்டாங்க, நீங்க குடிங்க.”

டபராவை என் பக்கம் தள்ளுங்கள் என்பது அதன் பொருள். சாரும் நுரை கலையாமல் பாதியை ஊற்றித் தள்ளுவார். “பாதியா இது?” என்று டபராவைச் சாய்த்துப் பார்ப்பார் டீச்சர். இன்னும் ஒரு சொட்டு விழும். நாளைக்கு இரண்டு காபிக்கு மேல் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இவர்கள் நான்கு தடவை குடிக்கிறார்கள். நான்கு அரை இரண்டுதானே? கணக்கு டீச்சரிடம் எந்த டாக்டர் வாதாடுவார்!

பேப்பரில் அரசியல் சாருக்கு, தங்கம் விலையும் ராசிபலனும் டீச்சருக்கு. வாழைக்காய் பஜ்ஜி ஒற்றைப்படையில் விழுந்தால், மிஞ்சியது கீழே எங்களுக்கு வரும். கடவுள் எங்களைக் கைவிடவில்லை.

இந்த அரசாங்கத்தையே ஆட்டிவைப்பது மாங்கொட்டை. பங்கனப்பள்ளியை அரிந்தால் கன்னம் இரண்டு, ஆளுக்கொன்று. கொட்டையை எப்படி வகுப்பது? முறை வைத்துக்கொண்டார்கள். நேற்று யார் முறை என்பதில் சண்டை வந்தது. பத்திரம் பார்த்த கை சும்மா இருக்குமா? கொட்டை தன் பங்குக்கு வராத அன்றெல்லாம் தினசரி காலண்டர் தாளில் குறித்துவைக்க ஆரம்பித்தார் சார். மறுநாள் காலையில் டீச்சர் வழக்கம்போல் தாளைக் கிழித்தார். சாட்சியம் குப்பைக்குப் போயிற்று.

ராத்திரி டிவியில் ‘தில்லானா மோகனாம்பாள்’ போட்டால் மாடியில் திருவிழா. 1968-ல் வந்த படம். இருவருக்கும் மனப்பாடம். சிவாஜி நாயனத்தை எடுத்ததும் சார், “வாசிக்கிறது மதுரை சேதுராமன், பொன்னுசாமி பிரதர்ஸ். தெரியுமோ?” என்பார்.

“போன தடவையும் அவங்கதான் வாசிச்சாங்க” என்பார் டீச்சர். பிறகு மனோரமா வருகிற வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். வந்ததும் எழுப்ப வேண்டியது சாருடைய வேலை. விளம்பரம் வந்தால், இருக்கிற ஒரு கடலைமிட்டாய் உடைகிற சத்தம் கீழே வரை கேட்கும். அது ஒருநாளும் சமமாக உடைந்ததில்லை. பெரிய துண்டை மற்றவர் தட்டில் வைத்துவிட்டு, “எனக்குத்தான் எப்பவும் சின்னது” என்று இருவருமே குறைப்பட்டுக்கொள்வார்கள்.

இதையெல்லாம் கேட்டுக் கேட்டு எனக்கும் ஆசை வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு மாம்பழம் வாங்கிவந்து, “பாதி உனக்கு, பாதி எனக்கு” என்று மனைவியிடம் நீட்டினேன்.

“ரெண்டா வாங்கினா கையில இருக்கிற காசு தேஞ்சா போயிடும்?” என்றாள்.

கொட்டை மட்டும் எனக்குக் கிடைத்தது.