ஒரே சட்டி

ஒரே சட்டியில் ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிடலாம் என்று சொல்பவர்கள் அடுப்பின் மேலே இருப்பதை மட்டும் எண்ணுகிறவர்கள். மேடையில் கிடப்பது, தொட்டியில் குவிந்தது, கழுவிக் கவிழ்த்தது எதுவும் அவர்கள் கணக்கில் வராது. மீனை அலச ஒரு பாத்திரம் வேண்டும். மசாலா தடவி ஊறவைக்க ஒரு தட்டு. நறுக்கிய உருளைக்கிழங்கு கறுத்துப்போகாமல் தண்ணீரில் போட்டுவைக்க ஒரு கிண்ணம். எலுமிச்சம்பழம் பிழிய இன்னொரு கிண்ணம், விதை விழாமலிருக்க டீ வடிகட்டி. அந்த வடிகட்டியைப் பற்றி என் மனைவி இன்றும் பேசிக்கொண்டிருக்கிறாள். மூடியைச் சட்டியோடு சேர்த்து எண்ணுவதா, தனிப் பாத்திரமாக எண்ணுவதா என்ற வழக்கில் எங்கள் வீட்டில் இன்னும் தீர்ப்பு வரவில்லை.

ஆனாலும் நான் ஒரே சட்டிக் கட்சிதான். மீனும் காயும் ஒன்றாக வெந்து, மூடியைத் திறந்தால் சாப்பாடு முழுசாக உள்ளே இருக்கிறது என்பது பெரிய சௌகரியம். சமைப்பவனும் நானாகி, பாத்திரம் தேய்ப்பவனும் நானாகிவிடும் ஞாயிற்றுக்கிழமைகளில் என் கொள்கைப்பிடிப்பு இன்னும் இறுகிவிடும்.

சட்டியைத் தேர்ந்தெடுப்பதில்தான் முதல் தகராறு. நம் வீடுகளில் பாத்திரங்களுக்கும் ஆசாரம் உண்டு. மீன் குழம்புக்கென்று ஒரு மண்சட்டி. அதில் சாம்பார் வைத்தால் இரண்டு பேருக்கும் மரியாதை போய்விடும். தோசைக்கல்லில் மீன் வறுக்கக் கூடாது. வறுத்தால் மறுநாள் தோசை கல்லை விட்டு எழுந்துவராது. எழுந்து வந்தாலும் மீன் வாசத்தோடுதான் வரும். பால் காய்ச்சும் பாத்திரத்தை மீன் இருக்கும் பக்கம் வைப்பதற்கே என் அம்மா சம்மதிக்க மாட்டாள். இத்தனைக்கும் தூத்துக்குடிக்காரி, வாரத்தில் ஐந்து நாள் மீன் தின்று வளர்ந்தவள். மீன் தின்கிற வீட்டில்தான் மீனுக்கு இவ்வளவு தீட்டு. சைவ வீடுகளில் இந்தப் பிரச்சினையே எழுவதில்லை.

ஒட்டாத சட்டி ஒன்றும் எங்களிடம் இருந்தது. 1938-ல் அமெரிக்காவில் ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர் குளிர்பதனப் பெட்டிக்கு வாயு தேடப்போய், தற்செயலாக டெஃப்லானைக் கண்டுபிடித்தார். மகா அறிவாளி. ஆனால் நம் ஊர் எவர்சில்வர் கரண்டியையும் கம்பி நாரையும் அவர் மனதில் வைத்து வேலை செய்ததாகத் தெரியவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே பூச்சு உரிந்து, முட்டையைக்கூட விடாமல் கட்டிப்பிடித்துக்கொள்ளும் சட்டியாகிவிட்டது அது.

மிச்சமிருந்தது ஒரு வார்ப்பிரும்புச் சட்டி. அகலமானது, கொஞ்சம் குழிவானது. அடை வார்ப்பதற்காக மனைவி வாங்கி, எண்ணெய் தடவுவதும் காயவைப்பதுமாகப் பல நாள் பழக்கி எடுத்தது. எண்ணெய் சூட்டில் திரும்பத் திரும்பக் காய்ந்து இரும்பின் மேல் ஒரு கறுப்புத் தோலாகப் படிந்துவிடும். அதன்பிறகு எதுவும் ஒட்டாது. ஊரிலேயே அழகான சட்டி. எனக்கு அதன் மேல் ஒரு கண்.

அடுத்தது நாள் பார்ப்பது. வெள்ளி கிடையாது, சனி கிடையாது. அமாவாசை கிடையாது, கிருத்திகை கிடையாது, மாமியார் வந்திருந்தால் வியாழனும் கிடையாது. புரட்டாசியில் மாதம் முழுக்கக் கிடையாது. ஊரே சைவமாகிவிடுவதால் அந்த ஒரு மாதம்தான் மீன் விலை இறங்கும் என்பது வேறு எரிச்சல். தப்பிப் பிழைத்த நாட்களிலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்ததை 2017-ல் 61 நாளாக்கினார்கள். கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும். மீன்கள் நிம்மதியாக முட்டையிடும். வஞ்சிரத்தின் விலையைக் கேட்டுவிட்டு ஜனங்கள் கோழிக்கடைப் பக்கம் நகர்வார்கள். இவ்வளவையும் தாண்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை கையில் கிடைத்தால் அதை வீணடிக்கக் கூடாது.

ஞாயிறு விடியற்காலையில் காசிமேட்டுக்கே போய்ப் படகிலிருந்து இறங்கும்போது வாங்கும் வீரர்கள் உண்டு. நான் அந்த ரகமில்லை. பக்கத்து மார்க்கெட்டில் எனக்கென்று ஒரு மீன்கார அம்மா இருக்கிறார். கண் தெளிவாக இருக்கிறதா, செவுள் சிவப்பாக இருக்கிறதா, விரலால் அமுக்கினால் பள்ளம் உடனே எழுகிறதா என்றெல்லாம் நான் சோதிப்பதை அவர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு தான் நினைத்த மீனை எடுத்துத் தராசில் போட்டுவிடுவார்.

"இன்னா சார், கொயம்புக்கா, வறுக்கவா?"

உலகத்தில் மீனுக்கு விதிக்கப்பட்டது இந்த இரண்டே கதிதான். நான் மூன்றாவது ஒன்றைச் சொன்னேன். "உருளைக்கிழங்கு, பீன்ஸ் எல்லாம் போட்டு, அது மேல மீன வெச்சு மூடி வேகவைக்கணும்மா."

அவர் அரிவாள்மணையை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஐயய்ய, வூட்ல யாருக்கு ஒடம்பு சரியில்ல?"

யாருக்கும் ஒன்றுமில்லை என்று நம்பவைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. சங்கராதான் தோது என்றார். சதை கெட்டி, முள் பெரிது, பிள்ளைகளுக்குத் தொந்தரவில்லை. செதில் எடுத்து, குடல் நீக்கி, இரண்டு பக்கமும் கீறிக் கொடுத்தார். ஆய்ந்து கொடுக்கும் கூலியை மட்டும் அன்றைக்கு வாங்கவில்லை. இரக்கம் என்று நினைக்கிறேன்.

இனி அடுப்பு. மீனையும் காயையும் ஒரே சட்டியில் வைப்பதில் உள்ள சிக்கலைப் புரிந்துகொள்ள மீனின் வாழ்க்கையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஆடும் மாடும் தம் எடையைத் தாமே சுமந்து நடக்கின்றன. மீனைத் தண்ணீர் தாங்கிக்கொள்கிறது. அதனால் சதையைக் கட்டி இழுத்துப்பிடிக்கும் நார் அதற்கு அதிகம் தேவையில்லை. இருக்கும் கொஞ்சமும் ஐம்பது, அறுபது டிகிரி சூட்டிலேயே கரைந்துவிடுகிறது. காய்கறி அப்படி இல்லை. அதன் செல்களைப் பிணைத்திருக்கும் பெக்டின், 85 டிகிரிக்குப் பக்கத்தில் போனால்தான் இளகவே சம்மதிக்கும். இரண்டையும் ஒன்றாக இறக்கினால் கிழங்கு வேகும்போது மீன் கஞ்சியாகியிருக்கும். மீன் பதமாக இருக்கும் நேரத்தில் அந்தக் கிழங்கை எடுத்து வீசினால் ஆள் விழுவான்.

அதனால் வரிசை முக்கியம். இரும்புச் சட்டி நன்றாகக் காய்ந்ததும் நல்லெண்ணெய் தாராளமாக. கால் அங்குலக் கனத்தில் நறுக்கிய உருளைக்கிழங்கை ஈரம் துடைத்து ஒரே அடுக்காகப் பரப்பி, உப்புப் போட்டு, சிறுதீயில் மூடிவைத்தேன். பத்து நிமிடம் கழித்துச் சின்ன வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை, பீன்ஸ், இரண்டு கத்தரிக்காய். அவை பாதி வெந்த பிறகுதான் தக்காளி. முதலிலேயே ஏன் தக்காளி கூடாது என்பதை அம்மா ஏற்கெனவே போனில் சொல்லியிருந்தாள்: "எய்யா, புளிப்ப மொதல்ல காட்டிராத. காயி சாமத்துக்கும் வேகாது." உண்மைதான். புளிப்பு இருக்கும்வரை பெக்டின் பிடியை விடாது. அம்மாவுக்குப் பெக்டின் யாரென்று தெரியாது, ஆனால் அதன் குணம் தெரியும். "மீனுக்குக் கூட எதுக்குல உருளக்கெழங்கு? ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிடுமா?" என்றும் கேட்டாள். முருங்கைக்காயும் மாங்காயும் போட்டு நெத்திலிக் குழம்பு வைக்கிறாயே, அதுவும் ஒரே சட்டிதானே என்றேன். "அது கொழம்புல்லா" என்றாள். மேல்முறையீட்டுக்கு வழியில்லாத பதில்.

மஞ்சள், மிளகாய்த்தூள், மிளகு, உப்பு தடவி ஊறிய சங்கராவைக் காய்கறி மெத்தையின் மேல் படுக்கவைத்து மூடினேன். மீனின் தடித்த பகுதி ஓர் அங்குலமென்றால் பத்து நிமிடம் என்று கனடாக்காரர்களின் கணக்கு ஒன்று இருக்கிறது. நம் சங்கராவும் அதற்குக் கட்டுப்பட்டது. உள்ளே 63 டிகிரி வந்தால் போதும் என்கிறது அமெரிக்க அரசு. எங்கள் வீட்டில் இருக்கும் ஒரே தெர்மாமீட்டர் கக்கத்துக்கானது. அதை மீனில் சொருகினால் எனக்கு அந்த வீட்டில் இடமிருக்காது. நடுமுள் ஓரமாகக் கத்தி நுனியை விட்டுப் பார்த்தேன். கண்ணாடி போலிருந்த சதை வெளுத்து ஏடு ஏடாகப் பிரிந்தால் முடிந்தது. திருப்ப வேண்டாம், சுரண்ட வேண்டாம், வாலைப் பிய்க்க வேண்டாம். மீனிலிருந்து வடிந்ததெல்லாம் கிழங்கில் போய்ச் சேர்ந்திருந்தது.

எலுமிச்சையைச் சட்டியில் பிழியக் கூடாது. அவ்வளவு புளிப்புப் பட்டால் இரும்பு தன் ருசியைச் சாப்பாட்டில் கலந்துவிடும். தட்டில்தான் பிழிய வேண்டும். ஆனால் பிழியாமலும் விடக்கூடாது. கடல் மீனின் கவிச்சிக்குக் காரணமான டிரைமெத்தில் அமீனைப் புளிப்புத்தான் அடக்கிப்போடும். நம்மவர்கள் புளியில் மீனை முக்கியதெல்லாம் சும்மா இல்லை. மூடியைத் திறந்தபோது எழுந்த வாசம் எனக்கு அமிர்தமாக இருந்தது. டியூஷனிலிருந்து வந்த மகன், லிஃப்ட் இரண்டாவது மாடியைத் தாண்டும்போதே தெரிந்துவிட்டது என்றான். நாங்கள் இருப்பது ஐந்தாவது மாடி.

சட்டியை அப்படியே கொண்டுபோய் மேசை நடுவில் வைத்தேன். சுற்றி நின்று மூன்று பேரும் பார்த்தோம்.

"நல்லா இருக்குங்க," என்றாள் மனைவி. "குழம்பு எங்க?"

"இதான் எல்லாம்."

"அப்பா, இதத் தொட்டுக்கவா, இதுக்குத் தொட்டுக்கவா?" என்றான் மகன். நியாயமான கேள்வி. சோறில்லாமல் கிண்ணத்தில் மீனையும் பீன்ஸையும் வைத்துச் சாப்பிட்டால் சாப்பிட்டதாக நம் வயிறு ஒப்புக்கொள்வதில்லை. அடுத்த கால் மணி நேரத்தில் குக்கர் விசிலடித்தது. மத்தியான ரசம் சூடானது. மகனுக்கு அப்பளம் பொரிக்க வாணலி ஏறியது. நான்கு பாத்திரங்களோடு ஒரே சட்டிச் சாப்பாடு இனிதே நடந்தேறியது.

மீன் நன்றாகவே இருந்தது என்று நான் சொல்வேன். ஆனால் அன்றைக்குச் சண்டை நடந்தது கிழங்குக்காகத்தான். அடியில் இரும்போடு ஒட்டி முறுகி, மேலே மீன் சாறும் தக்காளியும் ஊறிய அந்த அடுக்கைக் கரண்டியால் பெயர்த்தெடுத்து, முழு மீனை ஓரமாக ஒதுக்கிவிட்டுத் தின்றோம். ஒரே குறை, இதற்கு மறுநாள் கிடையாது. மீன் குழம்பு ராத்திரி முழுக்கச் சட்டியில் கிடந்து, காலையில் இட்லிக்கு வரும்போதுதான் வயதுக்கு வரும். இது மறுநாள் காலையில் ஆறிப்போன வேகவைத்த மீன், அவ்வளவுதான்.

மறுநாள் மனைவி சட்டியை மோந்து பார்த்தாள். சோப்புப் போடாமல் உப்பும் வெந்நீரும் விட்டுத் தேய்த்து, எண்ணெய் தடவிக் காயவைத்து, சாஸ்திரப்படியே எல்லாம் செய்திருந்தேன். இரண்டாவது முறையும் மோந்து பார்த்தாள்.

"இனிமே இது மீனுக்குத்தான்," என்றாள். அடைக்குப் புதுசு வாங்கியாக வேண்டும்.

பாத்திரக் கடையில் இதே அளவில் ஒரு வார்ப்பிரும்புச் சட்டி வேண்டுமென்று கேட்டேன். கடைக்காரர் ஏணியில் ஏறிக் கனமான ஒரு பெட்டியை இறக்கினார்.

"தனியா வராது சார். மூணு சேந்த செட்டு."

பெரியது அடைக்கு. நடுவிலது ஆம்லெட்டுக்கு. சின்னது எதற்கென்று வீட்டில் இன்னும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது. நெத்திலியாக இருந்தால் ஒரு நாலைந்து கொள்ளும்.